சொல்லுகேணிக்காகத் தூக்கிய கை

எங்கள் சேத்துக்கரையில் எல்லோருடைய சோத்துக்கையும் ஒரே சமயத்தில் மேலே போய், போனது போனபடி இறங்காமல் நின்றுவிட்ட அந்தக் கிராம சபைக் கூட்டத்தன்று, என் மகள் என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது பேர் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை வைப்பதாக இருந்தோம்.

எங்கள் ஊரில் பேர் வைக்கிற விதத்தை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஊருக்குக் கிழக்கே, உப்புக்காற்றில் செங்கல் அரித்துப்போன கேணி ஒன்று இருக்கிறது, சொல்லுகேணி என்று பேர், அதற்குள் இருப்பவளைக் கேணிக்காரி என்போம். அவளுக்குச் சிலை இல்லை, படம் இல்லை, ஒரு மாடக்குழி மட்டும் உண்டு. அதில் சிலர் அகல் ஏற்றுவார்கள், சிலர் மெழுகுவத்தி, சிலர் ஊதுவத்தி, கடல்காற்று மூன்றையும் ஒரே மாதிரி அணைத்துவிட்டுப் போகும். பிள்ளை பிறந்தால் தாய்க்காரி அந்தக் கேணிக்குள் குனிந்து, தன் மனசுக்குப் பிடித்த பேரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். எதிர்ப்பக்கம் பிள்ளையை ஏந்திக்கொண்டு இன்னொருத்தி நிற்பாள். அவள் வேறு சாமி கும்பிடுகிற வீட்டுக்காரியாக இருக்க வேண்டும், அதுதான் வழக்கம். சுவரெல்லாம் பெயர்ந்து கிடப்பதால் கூப்பிட்ட குரல் உடைந்து உடைந்துதான் மேலே ஏறி வரும், அவள் காதில் அது என்னவாக விழுகிறதோ அதுதான் பிள்ளைக்குப் பேர். மாரி என்று கூப்பிட்டது மேரி என்று விழும், ஆரோக்கியம் என்று கூப்பிட்டது ரொக்கையா என்று விழும், பாத்திமா என்று கூப்பிட்டது பத்மா என்று விழும், விழுந்தது விழுந்ததுதான், தாய்க்காரி சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கிக்கொண்டு போவாள்.

என் பேர் சவரியாயி. என் வீட்டுக்காரர் மீரான். என் பிள்ளையை ஏந்துவதாக இருந்தவள் எதிர்வீட்டுத் தையல்காரி காத்தாயி அக்கா. முக்கில் டீக்கடை வைத்திருப்பவர் நாகூரான் அண்ணன். இந்தப் பேர்களை வைத்து யாருக்கு எந்தச் சாமி என்று நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருந்தால், பெரும்பாலும் தப்பாகத்தான் கண்டுபிடித்திருப்பீர்கள்.

அந்தத் தப்பைத்தான் அரசாங்கத் துறையிலிருந்து வந்த அதிகாரியும் செய்தார். புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது, ஊர் உலகத்தில் இருக்கிற கும்பிடுகிற இடம் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு மதத்தின் கீழ் வந்தாக வேண்டும், வராததைப் பூட்டி வைக்க வேண்டும் என்று. அவர் ஜீப்பில் வந்து கேணியைச் சுற்றிப் பார்த்தார், மாடக்குழிக்குள் எட்டிப் பார்த்தார், உள்ளே மெழுகும் எண்ணெயும் சாம்பலும் சேர்ந்து ஒரே கட்டியாகக் கிடந்ததைச் சுரண்டிப் பார்த்தார், பிறகு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேர் கேட்டார்.

"உங்க பேரும்மா?"

"காத்தாயி."

"நீங்க இந்தப் பக்கம் நில்லுங்க."

"இந்தப் பக்கம் நின்னா என்ன சாமி சார்?"

அவர் சொன்னார்.

"அது நான் இல்லீங்களே. ஆனா நெழலா இருக்கு, நின்னுக்கறேன்."

அப்படியே ஊரை மூன்றாகப் பிரித்து நிறுத்தி முடித்தபோது, ஒவ்வொரு கூட்டத்திலும் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், ஏனென்றால் அண்ணன் தம்பியே வேறு வேறு கூட்டத்தில் நின்றார்கள், என் வீட்டுக்காரர் என்னை விட்டுத் தூரமாக வெயிலில் நின்று கையாட்டினார். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனுஷர்தான், அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

"என்கிட்ட மூணு கட்டம்தாங்க இருக்கு" என்றார். "எல்லாருக்கும்னு ஒரு கட்டம் சட்டத்துல கிடையாது."

"ஒரு கோடு இழுத்தா நாலாவது கட்டம் வந்துடும்ல சார்" என்றார் நாகூரான் அண்ணன்.

"கோடு இழுக்கற எடம் வேறண்ணே. நான் கட்டத்துக்குள்ள எழுதற ஆளு."

பிறகு கிராம சபையைக் கூட்டினார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டுரிமை உள்ள அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம். "பூட்டாம, யாருக்கும் எழுதி வைக்காம, கேணி இருக்கிறபடியே இருக்கட்டும்னு சொல்றவங்க கையெடுங்க" என்றார் அதிகாரி. எங்கள் ஊரில் கையெடுப்பது என்றால் கும்பிடுவதும்தான், அதனால் சிலர் முதலில் கும்பிட்டார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் இடித்துச் சொன்ன பிறகு ஒரு கையைப் பிரித்து மேலே தூக்கினார்கள். ஒருத்தர் மிச்சமில்லை. கேணிப்பக்கமே வராதவர்கள், சாமியே இல்லை என்கிறவர்கள், போன மாசம்தான் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், எல்லோரும் தூக்கினார்கள். அதிகாரி போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"உங்க விருப்பம் நல்லாப் புரியுது. விருப்பத்தைக் கேக்கறதுதான் என் வேலை. அதுபடி செய்யறது வேற எடம். கருத்துக் கேட்பு முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கையை இறக்குங்க என்று சொல்ல மறந்துபோனார். நாங்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், டீச்சர் இறக்கச் சொல்லும்வரை இறக்கக் கூடாது என்று பழகியவர்கள், அதனால் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். பிறகு இறக்கிப் பார்த்தோம். வரவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை, மரத்தில் கிளை நிற்பது மாதிரி அது பாட்டுக்கு நின்றது. சரி, அடுப்பில் உலை கொதித்துக் கிடக்கிறது என்று ஆளாளுக்கு எழுந்து வீட்டுக்குப் போனோம், நிலைப்படியில் கை இடிக்காமல் குனிந்து உள்ளே நுழைந்தோம், அன்றைக்கு ஊரில் எல்லோரும் பீச்சாங்கையால்தான் சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் கேணிக்கு இரும்புக் கம்பி மூடி வந்தது, சுற்றிலும் வேலி வந்தது, வேலிக்குப் பூட்டு வந்தது. என் வெள்ளிக்கிழமை போனது.

பழகிக்கொள்வதில் எங்கள் ஊரை மிஞ்ச முடியாது. பீச்சாங்கையால் எதையும் நீட்டினால் அடி வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள், இப்போது அந்தக் கையால்தான் பந்தியில் பரிமாறினோம், அந்தக் கையால்தான் திருநீறோ தீர்த்தமோ எதுவோ வாங்கினோம், கொஞ்ச நாளில் விருந்தாளிக்கு அந்தக் கையால் கொடுப்பதே மரியாதை என்று ஆனது. சடை பின்ன இரண்டு பெண்கள் வேண்டியிருந்தது, ஆளுக்கு ஒரு கை, அதனால் சண்டைக்காரிகள்கூடக் காலையில் சமாதானமாகிவிட்டு மத்தியானம்தான் சண்டையைத் தொடர்ந்தார்கள். காத்தாயி அக்கா தோளிலிருந்து இடுப்புவரை பொத்தான் வைத்து, தலைவழியாகப் போடாமல் போர்த்திக்கொள்கிற மாதிரி ஒரு ஜாக்கெட் கண்டுபிடித்தாள், கிராம சபை ஜாக்கெட் என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. ரோட்டோரம் கை தூக்கியபடி நின்றால் பஸ் நிற்கும் அல்லவா, எங்களுக்கு எல்லா பஸ்ஸும் நின்றது, ஆடு மேய்க்கிறவளுக்கு நின்றது, வேலி ஓரம் ஒதுங்கினவருக்கும் நின்றது. டிரைவர்கள் கொஞ்ச நாள் திட்டினார்கள், பிறகு அவர்களும் பழகிக்கொண்டு, நிஜமாகவே ஏற நிற்கிறவர்களுக்கும் நிற்காமல் போக ஆரம்பித்தார்கள்.

கும்பிடுவதுதான் கஷ்டமாக இருந்தது. கை கூப்ப முடியவில்லை, இரண்டு கையையும் ஏந்த முடியவில்லை, நெற்றியில் தொட்டு மார்பில் தொட்டுச் சிலுவை போட முடியவில்லை, மூன்று மதத்து வீடுகளுக்கும் ஒரே கஷ்டம். யார் முதலில் செய்தது என்று தெரியாது, இடது கையையும் மேலே கொண்டுபோய்த் தலைக்கு மேல் நிற்கிற கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள், அப்புறம் எல்லோரும் அப்படியே செய்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஊரே ஒரே சாமியைக் கும்பிடுவது போலத்தான் இருக்கும்.

இது தெரிந்து வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மூன்று மதத்துப் பெரியவர்களும் தனித்தனியாக வந்து, இந்தக் கைகள் எங்களுக்காகத்தான் உயர்ந்திருக்கின்றன என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். காலேஜ் பிள்ளைகள் வந்து வீடு வீடாகக் கேள்வி கேட்டார்கள், எல்லா வீட்டிலும் ஒரே பதில் சொன்னோம், அது பேப்பரிலும் வந்தது. ஜனங்கள் கேட்பதெல்லாம் சட்டமாகிவிடுமா, நாளைக்கு ஜனங்கள் வேறு மாதிரி கேட்டால் என்ன செய்வது என்று டீக்கடை டிவியில் ஒருவர் கேட்டார். அதுவும் நியாயம்தான் என்று பட்டது. ஆனால் நாங்கள் வேறு மாதிரி கேட்கவில்லையே.

பிறகு தேர்தல் வந்தது. நின்றவர்கள் அத்தனை பேரும் ஜெயித்தால் பூட்டைத் திறக்கிறேன், இருந்தபடியே இருக்க விடுகிறேன் என்றார்கள். ஒருத்தர் ஜீப்பிலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு, இத்தனை கையும் எனக்கா என்று கண் கலங்கினார்.

"நல்லவேளை, மை வெக்கிறது பீச்சாங்கை வெரல்ல" என்று நாகூரான் அண்ணன் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து சொன்னார். "வா புள்ள சவரி, டீ குடிச்சிட்டுப் போ. இப்பத்தான் நம்ம ரெண்டு கையையும் சர்க்காருக்குக் குடுத்தாச்சே, மேல இருக்கறதையும் பாக்க மாட்டான், கீழ இருக்கறதையும் பாக்க மாட்டான்."

"பாக்காம எங்கண்ணே போவாங்க."

"போவாண்டி. அந்தப் பஸ்காரன் போறாம்பாரு, அது மாதிரி போவான்."

ஜெயித்தவரைப் போய்ப் பார்த்தோம். நல்லபடியாகத்தான் பேசினார். சட்டத்தில் இருப்பதை மீறி ஒரு ஊருக்கு மட்டும் செய்தால் மற்ற ஊர் கேட்கும் என்றார். மற்ற ஊருக்கும் செய்யலாமே என்றாள் காத்தாயி அக்கா. அவர் எழுந்து நின்று கும்பிட்டார், அப்படியென்றால் போய் வாருங்கள் என்று அர்த்தம்.

இதற்குள் என் மகள் தவழ்ந்து, நின்று, நடந்து, எங்கள் வீட்டுக் கோழியை விரட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள். பேர் மட்டும் இல்லை. அவளைப் பாப்பா என்றோம். ஒற்றைக் கையால் குளிப்பாட்டினேன், ஒற்றைக் கையால் இடுப்பில் தூக்கினேன். அவள் ஒருநாளும் அதை அதிசயமாக நினைக்கவில்லை, அம்மா என்றால் ஒரு கை மேலே இருக்கும், அவ்வளவுதான். வேலிக்கு வெளியே நின்று கேணிப்பக்கம் பார்ப்பேன். கம்பி மூடிக்கு மேலே நின்று கூப்பிட்டாலும் போதுமே, காத்தாயி அக்கா காதைக் கொடுத்தாலும் போதுமே என்று இருக்கும். வேலிக்குப் பூட்டுப் போட்ட உள்ளூர்க்காரரிடம் கேட்டால், எனக்கும் ஆசைதாம்மா, சாவி என்கிட்ட இல்லையே என்பார். அவர் கையும் மேலேதான் இருந்தது.

"பள்ளிக்கூடத்துல சேக்கணும், பேரு கேப்பாங்க" என்றார் என் வீட்டுக்காரர் ஒருநாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. "நம்மளே ஒண்ணு வெச்சிருவோம் சவரி."

"நம்மளே எப்படி வெக்கிறது?"

"ஊர் உலகத்துல எல்லாரும் அப்படித்தானே வெக்கிறாங்க."

"ஊர் உலகத்துல வெப்பாங்க. நம்ம வெச்சா அது நம்ம வீட்டுப் பேராத்தானே இருக்கும்."

அவர் யோசித்தார். "சரி, பாப்பாவாவே இருக்கட்டும். எந்த டீச்சரா இருந்தாலும் நம்ம ஊரு டீச்சர்தானே" என்று எழுந்து கை கழுவப் போனார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது.

அப்புறம் உத்தரவு வந்தது. சொல்லுகேணி மூன்றில் ஒரு மதத்துக்கு எழுதப்பட்டது. எந்த மதம் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவீர்கள், சாய்ந்து ஒரு பிரயோசனமும் இல்லை, மற்ற இரண்டில் எதற்கு எழுதியிருந்தாலும் இந்தக் கதை இப்படியேதான் போயிருக்கும். காரணம் எழுதியிருந்தார்கள், எண்பது வருஷத்துக்கு முந்தி யாரோ ஒருவர் கேணிக்குக் கைப்பிடிச் சுவர் வைத்தாராம், அவர் அந்த மதமாம். அவருக்குப் பேர் வைத்தவள் யார் என்று அவர்கள் கேட்கவில்லை.

வேலியைத் திறக்கிற அன்று அதே அதிகாரிதான் வந்தார். கொஞ்சம் நரைத்திருந்தார். மைதானத்தில் உத்தரவை வாசித்தார், அந்த மதத்துக்காரர்கள் உள்ளே போகலாம், மற்றவர்கள் வேலிக்கு வெளியே நின்று கும்பிடலாம் என்றார், வாசித்து முடித்து நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது போல.

"அடடா. கையை இறக்கிக்கலாம்ங்க" என்றார்.

இறங்கிவிட்டன. ஊரில் இருந்த அத்தனை கையும், காற்று நின்றதும் துணி தொங்குவது மாதிரி, மெதுவாக இறங்கி அவரவர் பக்கத்தில் வந்து விழுந்தன. இருங்கள், இன்னும் கேட்டது கிடைக்கவில்லையே, கொஞ்சம் பிடித்துக்கொண்டிருப்போம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் முடிந்திருக்குமா தெரியாது. நாங்கள் சந்தோஷப்பட்டோம், அதுதான் இப்போது நினைத்தால் என்னவோ செய்கிறது. தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டோம், விரலை மடக்கி மடக்கிப் பார்த்தோம், நான் என் தலையை நானே பின்னிக்கொண்டேன், காத்தாயி அக்கா இரண்டு கையாலும் துணியைப் பிடித்துத் தைத்து அந்த மிஷின் சத்தத்தைத் தெரு முழுக்க ஓடவிட்டாள், ஊரில் எல்லா வீட்டிலும் அன்றைக்குச் சோத்துக்கையால் சோறு சாப்பிட்டார்கள். என் மகள் மட்டும் என் புதுக் கையைப் பார்த்துவிட்டு அழுதாள். இது யாரு கை என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் உள்ளே போகலாம், எங்கள் வீட்டுக்கு அனுமதி இருந்தது. காத்தாயி அக்காவுக்கு இல்லை. இருந்தாலும் அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். வேலி வாசலில் புதிதாகக் காவலுக்குப் போட்டிருந்த தம்பி வெளியூர்ப் பையன், மரியாதையாகத்தான் கேட்டான்.

"ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதானேம்மா?"

நான் அக்காவின் கையை அழுத்தினேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனுக்கு வேறு எதுவும் தெரியப் போவதில்லை, எங்கள் ஊர்ப் பேர்களை வைத்து எதையும் கண்டுபிடிக்கவும் முடியாது. அக்கா வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டு என்னைத் தள்ளி ஓரமாகக் கூட்டிப் போனாள்.

"சொல்லிடலாம் சவரி, சொல்றதுல ஒண்ணுமில்ல."

"அப்ப சொல்லுக்கா."

"சொல்லிட்டு உள்ள போனா, நானும் உங்க ஆளுன்னு சொல்லிட்டுத்தானே போறேன். அப்புறம் வேற வீட்டுக்காரி ஏந்துனதா எப்படி ஆகும்? நீயே ஏந்துன மாதிரிதான்."

"கேணிக்காரிக்குத் தெரியாதாக்கா?"

"அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியுமே" என்றாள். பிள்ளையின் தலையைத் தடவி, கவுன் நாடாவை அவிழ்த்து இன்னொரு தடவை கட்டிவிட்டு, "நீ போயிட்டு வா. நான் இங்க நிக்கறேன். சத்தமாக் கூப்பிடு, கேக்குதா பாக்கறேன்" என்றாள்.

உள்ளே சுவரையெல்லாம் பூசியிருந்தார்கள். கேணி வழவழவென்று இருந்தது, மாடக்குழியைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து, இத்தனை நாளாக மனசில் வைத்திருந்த பேரைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட குரல் ஒரு எழுத்து உடையாமல், ஒரு எழுத்து மாறாமல் மேலே வந்தது. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அதேதான் வந்தது. எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. என் காதில் என் குரல்தான் விழுந்தது, என் வீட்டுப் பேர்தான் விழுந்தது. மகள் கேணிக்குள் எட்டிப் பார்த்து, "யாரும்மா கூப்புடறா?" என்றாள்.

வெளியே வந்தேன்.

"கேட்டுச்சாக்கா?"

"காத்து எதிரால அடிக்குது. ஒண்ணும் விழல" என்றாள் அக்கா. "என்ன பேரு வந்துச்சு?"

சொன்னேன். அதையும் இங்கே எழுதப் போவதில்லை. என் பேரையும் என் வீட்டுக்காரர் பேரையும் உங்களிடம் கூசாமல் சொன்னேன், என் மகள் பேரைச் சொன்னால் நீங்கள் சரியாகக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அக்கா நல்ல பேருதான் என்றாள், பிள்ளையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள், இருவரும் நடந்தோம்.

முக்கில் நாகூரான் அண்ணன் பாய்லருக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள, பாப்பாவுக்குப் பேரு வெச்சாச்சா? எங்கே, மாமாகிட்ட சொல்லு குட்டி, உன் பேரு என்ன?"

என் மகள் புதிதாகக் கற்றுக்கொண்டதைத் திருத்தமாகச் சொன்னாள்.

அவர் கரியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை, அறிமுகமில்லாத யாரோ வாசலில் வந்து நின்றால் சட்டையை இழுத்து விட்டுக்கொள்வோமே, அந்த மாதிரி ஒன்றுதான் இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து பெஞ்சைத் துடைத்தார். அந்த பெஞ்சை எனக்காக அவர் ஒருநாளும் துடைத்ததில்லை.

"நல்லதுங்க" என்றார் என்னிடம். "உக்காருங்க. டீ சாப்பிடறீங்களா?"